எட்டாவது மூன்று

புதுப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு பத்தாவது படித்தவர்களே, நீங்கள் வகுத்தது சரிதான். ஒரு கணக்கில்கூடத் தப்பில்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

போன மாதம் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் நம் வகுப்புக்காரி ஒருத்தியைப் பார்த்தேன். தலை நரைத்து, கையில் பேரப் பிள்ளையோடு நின்றிருந்தாள். என்னை அடையாளம் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இன்னாடி, இன்னும் மூணு மூணா போட்டுகினு கீறியா?" என்பதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்? "உள்ளேன் டீச்சர்" என்பதையே டீச்சருக்குக் கேட்காமல் சொன்னவள் நான். ரயில் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். நான் ஏமாற்றியவள் என்றே இன்னும் நினைக்கிறாள். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. டீச்சர் கரும்பலகையில் பகா எண்களை எழுதிக்கொண்டே போனார். ஒன்றும் அந்த எண்ணும் தவிர வேறு எதுவும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண், அதுதான் பகா எண் என்றார். இரண்டு, மூன்று, ஐந்து என்று தொடங்கி முப்பத்தொன்று வந்தபோது மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து எதற்கென்று தெரியாமலே 31க்கு முன்னால் இன்னொரு மூன்று போட்டேன். 331. வகுத்துப் பார்த்தேன், பகா எண். 3331 போட்டேன். அதுவும் பகா எண். 33331ஐ இரண்டு சாயங்காலம் வகுத்தேன். அதுவும் உடையவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜொரம் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

அந்த வருஷம், பக்கத்து அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் ஆளுக்கு ஒன்று கொண்டுபோக வேண்டும். வழக்கமாக நம் பள்ளியிலிருந்து மண்ணில் செய்த எரிமலை போகும், சமையல் சோடாவும் எலுமிச்சம்பழமும் ஊற்றிப் பொங்க வைப்பது. அந்தத் தடவை அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் கணக்குக்கு வாய்ப்பு வந்தது. என் பக்கத்து பெஞ்சுக்காரிதான் எழுந்து, "டீச்சர், இவ என்னாவோ மூணு மூணா வெச்சிக்கினு கீறா" என்று என்னை மாட்டிவிட்டாள்.

ஆறு மூன்று வரை நானே வகுத்து முடித்திருந்தேன். ஏழு மூன்றும் ஒரு ஒன்றும் போட்டால் எட்டு இலக்கம், 33333331. மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம். அதைப் பகா எண் என்று காட்டுவது ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. ஐயாயிரத்து எழுநூற்று எழுபத்து நான்கை அதே எண்ணால் பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே இருக்கிற பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை என்றால் மேலே இருப்பது எதுவும் வகுக்காது, ஏனென்றால் பெரிதாக ஒரு வகுத்தி இருந்தால் அதன் ஜோடி சிறிதாகக் கீழே மாட்டியிருக்கும். இதை டீச்சர் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டீர்கள். ஆனால் வேலையில் இறங்கிய பிறகு ஒருத்தியும் விட்டுப் போகவில்லை.

அந்தத் தாள் நினைவிருக்கிறதா? டவுன்ஷிப் அலுவலகங்களிலிருந்து எடைக்கு வரும் கம்ப்யூட்டர் தாள். இரண்டு பக்கமும் வரிசையாய் ஓட்டை, வெள்ளையும் வெளிர்ப் பச்சையுமாய்ப் பட்டை பட்டையாய், கிழிக்காமல் இழுத்தால் வாசல் வரை நீளும். பழைய பேப்பர் கடையில் அதைத்தான் பொட்டலம் கட்டுவதற்கு விற்பார்கள். அதன் பின்பக்கத்தில் ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரை ஒற்றை எண்களை எழுதி, மூன்றின் மடங்கு, ஐந்தின் மடங்கு, ஏழின் மடங்கு என்று ஸ்கெட்ச் பேனாவால் அடித்துக்கொண்டே போனோம். அடிபடாமல் தப்பியதெல்லாம் பகா எண். ஓட்டையுள்ள ஓரத்தைக் கிழித்து உங்களில் சிலர் சடையில் சுற்றிக்கொண்டு திரிந்தீர்கள்.

பிறகு மத்தியானச் சோற்று நேரத்தில் பங்கு பிரித்தோம். ஒருத்தி வகுப்பாள். அவள் வகுத்ததை இன்னொருத்தி பெருக்கி, மீதியைக் கூட்டி, 33333331 வருகிறதா என்று பார்ப்பாள். வராவிட்டால் தாள் திரும்பி வரும். பக்கத்து பெஞ்சுக்காரி இதில் கறார். "மீதி வகுக்கறத வுட பெரிசா கீது. கண்ண எங்க வெச்சிகினு போட்ட?" என்று தாளை மூஞ்சியில் வீசுவாள். கருவாட்டு வாசனையும் மாங்காய் ஊறுகாய் எண்ணெயும் படிந்த தாள்கள் கட்டாகச் சேர்ந்தன. கடைசியாக மிஞ்சியது 5749. அதை என்னைப் போடச் சொன்னீர்கள். எல்லோரும் சுற்றி நின்றுகொண்டீர்கள். மீதி 629. நீங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு சார் பிரம்போடு வந்தார்.

இனி என் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நைனா போர்டு எழுதுகிறவர். புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு தகரக் கொட்டகை. எனாமலும் டர்பன்டைனும் கலந்த வாசனை அவர் குளித்து வந்த பிறகும் போகாது. மாமல்லபுரத்து ஓட்டல்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்காக என்னென்னவோ பாஷையில் எழுதிக் கொடுப்பார்கள். நைனாவுக்கு ஒன்றையும் படிக்கத் தெரியாது. ஆனால் பார்த்து அப்படியே எழுதிவிடுவார், ஒரு சுழி பிசகாது. அவருக்கு எழுத்தென்றாலும் எண்ணென்றாலும் கோடுதான், வளைவுதான். இது எனக்கு இப்போது புரிகிறது.

நிறைய வந்தது வண்டி நம்பர் பிளேட் வேலை. கறுப்பில் வெள்ளை எழுத்து. வருகிறவர்கள் பாதிப் பேர் ஒரே கவலையோடு வருவார்கள். "கூட்டினா எட்டு வருதுபா. இன்னா பண்றது?" எட்டு வந்தால் வண்டி விளங்காது என்று எல்லோரும் நம்பினார்கள். நைனா எல்லோரையும்விட அதிகமாக நம்பினார். எட்டு வந்த வண்டி எந்த வளைவில் எந்தப் புளியமரத்தில் மோதியது என்று சொல்வார். எங்கள் வீட்டுக் கதவிலக்கம் எட்டு. அதை அவரே தகரத்தில் 7ஏ என்று எழுதி மாட்டியிருந்தார். தபால்காரர் மாதம் ஒரு தடவை அதற்காகச் சண்டை போடுவார்.

நம் பள்ளி பத்தாவதோடு முடிகிறது. மேலே படிக்க செங்கல்பட்டு போக வேண்டும். கூடுவாஞ்சேரியிலிருந்த அத்தை, நைனாவின் தங்கை, தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு அண்ணாத்த இவ்ளோ கணக்கு? மாவரைக்கறதுக்கா? பத்தாவது முடிச்சதும் என் வூட்டுக்கு அனுப்பிடு."

நைனா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அதை நான் மறைக்கக் கூடாது. "இரு, அவசரப்படாத," என்றார். "டவுன்ஷிப்ல கண்காட்சி வெக்கிறாங்க. பெரிய ஆபீசருங்கல்லாம் வராங்க. அவங்க வாயால, இந்தப் புள்ள நல்லா பண்ணிக்கீதுன்னு ஒரு வார்த்த வரட்டும். வந்துட்சின்னா செங்கல்பட்டுல பஸ்ட் குரூப்பு. இல்லாங்காட்டி நீ சொல்றதுதான்."

"வார்த்த மாற மாட்டியே?"

"நான் போர்டே மாத்தி எழுதுனவன் இல்ல. வார்த்தய மாத்துவனா?"

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமே வரவில்லை. எண் சரியாக இருந்தது. நீங்கள் எல்லோரும் வகுத்திருந்தீர்கள். ஆபீசர் வகுத்தாலும் அதேதான் வரும்.

எண்ணைப் போர்டில் எழுதித் தருகிறேன் என்று நைனாவே சொன்னார். என் கையால் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது என்றார். கண்காட்சி அன்று காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு, பழைய புடவையில் சுற்றிய தகரத்தை சைக்கிள் கேரியரில் கட்டி டவுன்ஷிப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டார். கேட்டில் காவலாளி நிறுத்தியபோது, "என் பொண்ணு உள்ள நம்பர் வெக்கிது" என்று சொன்னாராம்.

மண்டபத்தில் நம் மேசைக்கு டீச்சரும் நானும் பக்கத்து பெஞ்சுக்காரியும் மட்டும் வந்திருந்தோம். வகுத்த தாள்களைச் சணலில் கட்டி மேசையில் வைத்திருந்தோம். பெஞ்சுக்காரி பக்கத்துப் பள்ளியின் எரிமலையை வேடிக்கை பார்க்கப் போய்விட்டாள். நைனா புடவையை அவிழ்த்தார். கறுப்புப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் வெள்ளையில் மூன்றுகள், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், ஒரே அச்சில் வார்த்தது போல. அவ்வளவு அழகான எண்ணை நான் பார்த்ததில்லை. பழக்கத்தில் எண்ணினேன். எட்டு மூன்று இருந்தன.

"நைனா, ஒரு மூணு கூட கீது."

"தெரியும். நான்தான் போட்டேன்," என்று சிரித்தார். "எட்டு எழுத்துல நிக்க வெச்சா வெளங்குமா? நம்ம கொழந்த காரியம். ஒம்போது ஆக்கிட்டேன். இப்ப எப்படி கீது பாரு."

"வேற நம்பர் ஆயிட்சி நைனா."

"இன்னா வேற? எல்லாம் மூணுதானே? நடுவுல அஞ்சா போட்டேன்?"

"முன்னாடி கீற ஒரு மூணு மேல பேப்பர் ஒட்டிடலாம் நைனா. நாங்க வகுத்தது அதுக்குத்தான்..."

அவர் முகம் மாறியது. "என் எழுத்து மேல பேப்பர் ஒட்டுவியா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து ஒன்பது இலக்கத்தை அடித்துப் பார்த்தார். எட்டு மூன்றிலேயே அதன் சன்னல் நிறைந்துவிட்டது. கடைசி ஒன்று உள்ளே போகவில்லை. மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "விடும்மா. ஏழு தடவ வந்தது எட்டாவது தடவ வராதா? அப்பா ஆசையா எழுதியிருக்காரு" என்றார்.

நான் பேனாவை எடுத்து உள்ளங்கையில் வகுக்கத் தொடங்கினேன். ஏழில் மீதி இரண்டு. பதினொன்றில் ஒன்று. வியர்வையில் மை ஓடியது. பாவாடையில் துடைத்துவிட்டுப் பதின்மூன்றைப் போட்டேன். மீதி ஆறு. நிமிர்ந்தபோது ஆபீசர் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார்.

நல்ல மனிதர்தான். குரலில் அதட்டல் இல்லை. "இது பகா எண்ணா? எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"வகுத்து சார்."

"எது வரைக்கும்?"

"அய்யாயிரத்தி எழுநூத்தி நாப்பத்தொம்பது வரைக்கும் சார்."

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்ததை நான் பார்த்தேன், நைனாவும் பார்த்தார். பிறகு போர்டை மறுபடி பார்த்தார். "அது எட்டு இலக்கத்துக்குத்தானே போதும்? இது ஒன்பது இலக்கம். பதினெட்டாயிரம் வரைக்கும் போகணுமே." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கேயே ஒரு துண்டுத் தாளில் வகுத்தார். ஏழு, பதினொன்று, பதின்மூன்று. நான் போட்ட அதே வரிசை. அடுத்ததில் பேனா நின்றது.

"பதினேழு. மீதி இல்ல பாரு."

கூடி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து மேசையில் எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது. ஆபீசர் என்னைக் கேட்டார்: "இந்த எண்ண நீ வகுத்துப் பாத்தியா?"

இந்த எண்ணை. எனக்குப் பின்னால் நைனா நின்றிருந்தார். இது என் எண் இல்லை, நைனா ஒரு மூன்று கூடப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை படித்தவர்கள் முன்னால், இஸ்திரி சட்டையோடு நின்றவரைக் காட்டி எப்படிச் சொல்வது? டீச்சர் சொல்வார் என்று பார்த்தேன். அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றேன்.

"உண்மையச் சொன்ன, சரி. ஆனா வகுக்காம பகா எண்ணுன்னு போர்டு வெக்கக் கூடாதும்மா." அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சணலில் கட்டியிருந்த தாள்களை யாரும் அவிழ்க்கவில்லை. எரிமலையிடமிருந்து திரும்பி வந்த பெஞ்சுக்காரியின் காதில் விழுந்தது என்னுடைய "இல்ல சார்" மட்டும்தான். அவள் நேராகப் போய் உங்களிடம் சொன்னாள். நம்மை வகுக்க வைத்துவிட்டு அங்கே போய் வகுக்கவில்லை என்று சொல்லிவிட்டாள், பேர் வாங்குவதற்காக எண்ணை மாற்றிவிட்டாள் என்று. அதன் பிறகு மத்தியானச் சோற்றை நான் தனியாகத்தான் தின்றேன். டீச்சருக்கு எல்லாம் தெரியும். பரீட்சைக்குப் படிங்க என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

வீட்டில் நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "வகுக்கவே இல்லன்னு இவளே சொல்ட்டா. ஆபீசர் மூஞ்சிக்கு நேரா. எனக்கு மானமே போயிட்சி."

"நைனா, நான் வகுத்தது வேற..."

"ஒரு மூணுக்கா இவ்ளோ பேசற? நெசமாவே கணக்கு தெரிஞ்சவளா இருந்தா ஒண்ணு கூட இருந்தாலும் சமாளிச்சிருக்க மாட்ட?"

அத்தை தை மாதம் வந்தாள், தட்டோடு. நைனா வார்த்தை மாறவில்லை.

பத்தாவதில் கணக்கில் நான் எத்தனை எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. பதினெட்டு முடியும் வரை துணிக் கம்பெனியில் நூல் வெட்டினேன், பிறகு அத்தை வீடு. உங்களில் இரண்டு பேர் செங்கல்பட்டில் பஸ்ட் குரூப் படித்து டவுன்ஷிப்பிலேயே வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம் என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரவில்லை.

அந்தத் தகரத்தை நைனா எறியவில்லை. நல்ல தகரம் என்று குளியலறை மறைப்புக்கு அடித்துவிட்டார். கல்யாணம் ஆகும் வரை தினமும் அந்த எண்ணின் பின்னால் நின்றுதான் குளித்தேன். உப்புக் காற்றில் வலது ஓரம் முதலில் துரு பிடித்தது. கடைசியிலிருந்த 1 உதிர்ந்து போனது. வெறும் எட்டு மூன்று மிஞ்சியது. மூன்றால் வகுபடும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அத்தை வீட்டில் நாள்காட்டித் தாளைக் கிழித்தால் பின்பக்கத்தை நான் வைத்துக்கொள்வேன். ஒருநாள் தற்செயலாய்ப் புரிந்தது. முன்னால் ஒரு மூன்று சேர்ப்பதும், பழைய எண்ணைப் பத்தால் பெருக்கி இருபத்தொன்றைக் கூட்டுவதும் ஒன்றுதான். எட்டு இலக்க எண்ணைப் பதினேழால் வகுத்தபோது மீதி மூன்று வந்திருந்தது. பத்து மூன்று முப்பது, அதோடு இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. அதாவது நீங்கள் வகுத்த தாளிலேயே எட்டாவது மூன்று தோற்றுப்போகும் என்று இருந்திருக்கிறது, மேசையில், சணல் கட்டுக்குள். அத்தை மகன், அதாவது என் வீட்டுக்காரர், எட்டிப் பார்த்து, "இன்னா, சீட்டு கம்பெனி வெக்கப் போறியா?" என்றார். நான் விடவில்லை. ஒன்பதாவது மூன்றையும் போட்டு, பத்து இலக்கத்தையும் வகுத்துக்கொண்டே போனேன். யாரும் சரிபார்க்க இல்லாததால் ஒவ்வொன்றையும் நானே இரண்டு தடவை. 673இல் மீதி இல்லாமல் போயிற்று. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஸ்டிக்கர் கடைகள் வந்துவிட்டன. நைனாவுக்குக் கையும் நடுங்கத் தொடங்கியது. கடைசி வருஷங்களில் ஒருநாள் புதுப்பட்டினம் போயிருந்தபோது, மறைப்புத் தகரம் கழன்று முற்றத்தில் கிடந்தது. நைனா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன தைரியமோ, பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்தது ஏழு மூன்று. நாங்கள் எல்லோரும் வகுத்தது அதை. அது இன்றைக்கும் பகா எண்தான். நீ போட்டது எட்டாவது மூன்று. அதனால்தான் பதினேழில் வகுபட்டது. அதனால்தான் நான் இல்லை என்றேன்.

அவர் தகரத்தை இழுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, நடுங்கும் விரலால் மூன்றுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினார். எட்டில் விரல் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தனை வருஷத்துக்கும் அது போதும் என்றுகூட நினைத்தேன்.

"எட்டு மூணு," என்றார். "அடக் கடவுளே. எழுத்து ஒம்போது வருதான்னுதான் பாத்தேன், மூண எண்ணாம போய்ட்டனே. எட்டு வந்துட்சி. அதான் வெளங்கல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் தப்புதாம்மா. இன்னொரு மூணு சேத்துப் போட்டிருக்கணும்."

இன்னொரு மூன்று போட்டால் 673ஆல் வகுபடும். நான் சொல்லவில்லை. தகரத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவருக்குச் சோறு போட்டேன்.